பள்ளியிலிருந்து போன் வந்தால் இன்று யார் போவது?

தென்னாப்பிரிக்காவில் சின்னப் பிள்ளை வைத்திருக்கும் யாரையும் கேட்டுப் பாருங்கள், நாளில் எந்த நேரம் கஷ்டம் என்று. மதியம் 1 மணி என்பார்கள். இங்கே கிரேடு ஆர் (1-ம் வகுப்புக்கு முந்தைய ஆண்டு) முதல் 2-ம் வகுப்பு வரை பாடநேரம் வாரத்துக்கு 23 மணி நேரம்தான். 3-ம் வகுப்புக்கு 25. காலை 8-க்கு முன்பே மணி அடித்துவிடுவதால், 1 மணி வாக்கில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பிள்ளை வாசலில் நிற்கும். அலுவலகம் விடுவதோ 5-க்கு. இடையில் இருக்கும் அந்த நாலு மணி நேரத்தில்தான் எங்கள் வீட்டுப் பஞ்சாயத்து மொத்தமும் அடங்கியிருக்கிறது.

நாங்கள் இருப்பது டர்பனில், சாட்ஸ்வொர்த்தில். நான் தூத்துக்குடிக்காரி, ஒரு துறைமுக ஊரிலிருந்து இன்னொரு துறைமுக ஊருக்கு வந்து, இங்கேயும் கன்டெய்னர் பேப்பர்களோடுதான் மல்லுக்கட்டு. கிளியரிங் அண்ட் ஃபார்வர்டிங் அலுவலகத்தில் வேலை. என் கணவர் பிராஸ்பெக்டன் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். ஒரு வாரம் காலை 6 முதல் 2 வரை ஷிஃப்ட், அடுத்த வாரம் 2 முதல் இரவு 10 வரை. மகள் 2-ம் வகுப்பு, மகன் கிரெஷ்ஷுக்குப் போகிறான். மாமியாரும் அம்மாவும் கடல் கடந்து இருக்கிறார்கள். இந்த நிலைமையில் ஊரிலிருந்து போனில் வரும் யோசனைகள் எல்லாம் "அத்தையைக் கூட்டிட்டு வந்து வெச்சுக்கோ" என்பதோடு முடிந்துவிடும்.

இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் அட்டவணை போடாதவர் யாருமில்லை. யார் கொண்டுபோய் விடுவது, யார் கூட்டி வருவது, யார் குளிக்க வைப்பது எல்லாம் எழுதிவிடலாம். அட்டவணை உடையும் நாளுக்குத்தான் ஏற்பாடு இருக்காது. 11 மணிக்குப் பள்ளியிலிருந்து போன்: பிள்ளைக்குக் காய்ச்சல், வந்து கூட்டிப் போங்கள். அந்த நேரத்தில்தான் "உங்களால் போக முடியுமா, எனக்கு மீட்டிங்" என்று பேச்சு ஆரம்பிக்கும். யாருடைய வேலை பெரியது என்ற விவாதத்தை அலுவலக வராந்தாவில் நின்றபடி போனில் நடத்துவதைவிட மோசமான நேரம் வேறு கிடையாது. அதனால் அந்தக் கேள்விக்கு ஞாயிற்றுக்கிழமை இரவே விடை எழுதி வைப்பது என்று முடிவு செய்தோம்.

ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் தாளில் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு வரி. முதல் வரி வழக்கமான ஏற்பாடு. இரண்டாவது வரிக்கு நாங்கள் வைத்த பெயர் "டியூட்டி". அன்று பள்ளி, கிரெஷ், ஆஃப்டர்கேர் (பள்ளி விட்ட பின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) எங்கிருந்து அழைப்பு வந்தாலும் எடுக்க வேண்டியவர், தேவைப்பட்டால் வேலையை விட்டுக் கிளம்ப வேண்டியவர் அவர்தான். ஒரு கட்டத்தில் ஒரு பெயர்தான் எழுத வேண்டும். "இருவரும்" என்று எழுதிய கட்டத்தில் யாருமே இல்லை என்று அர்த்தம். அவர் 2 மணி ஷிஃப்டில் இருக்கும் வாரம், மதியம் 1 வரை டியூட்டி அவருக்கு, அதற்குமேல் எனக்கு. காலை ஷிஃப்ட் வாரத்தில் தொழிற்கூடத்துக்குள் போன் அனுமதி இல்லாததால் 2 வரை நான், பிறகு அவர். கப்பல் வந்து நிற்கும் நாளில் எனக்கு டியூட்டி போடக் கூடாது; மெஷினைப் பிரித்துப் போட்டிருக்கும் நாளில் அவருக்குப் போடக் கூடாது.

"புதன்கிழமை கம்ப்ரஸர் பிரிக்கிறோம், என்னால் வெளியே வர முடியாது."

"அப்ப செவ்வாய் நீங்க எடுத்துக்கோங்க, புதன் நான் பாத்துக்கறேன். ஆனா வெள்ளி எனக்கு வேண்டாம், மாசக் கடைசி."

இவ்வளவுதான் ஞாயிறு இரவுப் பேச்சு. பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் முடிந்துவிடும். இதில் ஒரே ஒரு கண்டிப்பு: டியூட்டியில் இருப்பவர் எடுக்கும் முடிவில் மற்றவர் தலையிடக் கூடாது. மருத்துவரிடம் கூட்டிப் போகலாமா, வீட்டிலேயே கஷாயம் கொடுக்கலாமா என்பதை அங்கே இருப்பவர் முடிவு செய்யட்டும். "நானா இருந்தா..." என்று ஆரம்பிக்கும் வாக்கியத்துக்கு எங்கள் வீட்டில் தடை. (நான்தான் அதை அதிகம் மீறுவேன் என்று அவர் சொல்வார். அதை இங்கே விவாதிக்கப் போவதில்லை.)

தாளில் என்ன எழுதினாலும் பள்ளி அலுவலகத்துக்கு அது தெரியாதே. படிவத்தில் அப்பா எண்ணை முதலில் எழுதிக் கொடுத்தாலும் அவர்கள் அழைப்பது அம்மாவைத்தான். இது டர்பன் என்றில்லை, தூத்துக்குடியிலும் அப்படித்தான், லண்டனிலும் அப்படித்தான் இருக்கும். அதற்கு நாங்கள் கண்ட வழி ஒரு தனி சிம். பாஸ்போர்ட்டும் முகவரிச் சான்றும் காட்டிப் பதிவு செய்து வாங்கிய சாதாரண ப்ரீபெய்டு சிம். பழைய போன் ஒன்றில் போட்டு வீட்டில் சார்ஜரிலேயே கிடக்கிறது. பள்ளிக்கும் கிரெஷ்ஷுக்கும் டிரான்ஸ்போர்ட்காரருக்கும் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல அந்த ஒரு எண்தான் கொடுத்திருக்கிறோம். அந்த எண்ணுக்கு வரும் அழைப்பை அன்று டியூட்டியில் இருப்பவரின் போனுக்குத் திருப்பிவிட்டால் போதும். பள்ளி அலுவலகத்து அம்மையார் யாரை அழைக்கிறோம் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. திருப்பிய அழைப்புக்கான காசு நம் சிம்மிலிருந்து கழியும் என்பதால் கொஞ்சம் ஏர்டைம் எப்போதும் இருக்க வேண்டும். வகுப்பு வாட்ஸாப் குழுவும் அந்த எண்ணில்தான். இருவர் போனிலும் இணைத்துக்கொண்டோம். "நாளைக்கு சிவில் டிரஸ் டே, 10 ரேண்ட் கொண்டு வரவும்" (சீருடை இல்லாமல் வரும் நாள்) என்ற செய்தி இரவு 9:40-க்கு வரும்போது இருவர் கண்ணிலும் படுகிறது. கேக் விற்பனைக்கு மஃபின் செய்வது இன்னும் என் தலையில்தான் இருக்கிறது என்பது வேறு கதை.

இனி அந்த நாலு மணி நேரம்.

மகளுக்கு வாரத்தில் மூன்று நாள் பள்ளியிலேயே ஆஃப்டர்கேர். சாப்பாடு, வீட்டுப்பாடம், விளையாட்டு என்று 5:30 வரை வைத்திருப்பார்கள். தாமதமானால் கால் மணிக்கு இவ்வளவு என்று அபராதம் எழுதி மாட்டியிருக்கிறார்கள். பேஹெட் ரோட்டில் லாரி வரிசை நின்றுவிட்டால் அந்த அபராதப் பலகைதான் கண்முன் வரும். N2, N3 நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடத்தில், ஊரார் ஸ்பாகெட்டி ஜங்ஷன் என்பார்களே, அங்கே நடக்கும் சாலை வேலையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். அதனால் ஆஃப்டர்கேரில் சேர்க்கும்போது கட்டணத்தைக் கேட்பதற்கு முன், எத்தனை மணிக்குக் கதவை மூடுவார்கள், அதற்குப் பிறகும் பிள்ளையோடு யார் இருப்பார்கள் என்று கேளுங்கள். கூட்டிப்போக அனுமதி உள்ளவர்கள் பட்டியலில் மூன்றாவதாக ஒருவரை, அடையாள அட்டை நகலோடு, முதல் நாளே எழுதிக் கொடுங்கள். நல்ல பள்ளி என்றால் அந்தப் பட்டியலில் இல்லாதவரிடம் பிள்ளையைத் தரவே தராது. அவசரத்தில் போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தால் நடக்காது.

எங்கள் பட்டியலில் மூன்றாவது பெயர் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. சாட்ஸ்வொர்த்தின் வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், 1960-களில், குடியிருப்பை இனவாரியாகப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தில் ஊரின் பல மூலைகளிலிருந்தும் இந்திய வம்சாவளியினரைப் பெயர்த்துக் கொண்டுவந்து குடியேற்றிய இடம். ஒரு கூரை, நடுவில் ஒரு சுவர், இரண்டு குடும்பம் என்று வரிசை வரிசையாகக் கட்டிய வீடுகள் ஏராளம். எங்கள் வீடும் அப்படித்தான்; மகன் இந்தப் பக்கம் அழுதால் ஆன்ட்டி அந்தப் பக்கமிருந்து சுவரைத் தட்டுவார். தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் அவர் பிள்ளைகளையும் இப்படித்தான் ஒரு பக்கத்து வீடு வளர்த்ததாம். தமிழ் பேச வராது; பிள்ளைகளிடம் ஆங்கிலம்தான். ஆனால் புரட்டாசி மாதம் வந்தால் நம்மைவிடக் கறாராக இருப்பார். அந்த மாதம் முழுக்க அவர் வீட்டுச் சட்டியில் கறி மீன் ஏறாது. என் பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் புரட்டாசி என்றால் என்னவென்று தெரிந்துகொண்டார்கள்.

அவர் பணம் வாங்க மாட்டார். அதனாலேயே அவரிடம் கணக்காக இருக்க வேண்டியிருக்கிறது. வழக்கமான நாட்களில் அவரை இழுப்பதில்லை. அவர் எங்களுக்கு அவசரத்துக்கு மட்டும். அவருடைய கிளினிக் நாளை எங்கள் தாளில் எழுதி வைத்திருக்கிறோம், அன்று அவரை மூன்றாவது ஆளாக எண்ணுவதில்லை. அன்று அவரைக் காரில் கொண்டுபோய் விடுவது, என் கணவரின் ஷிஃப்டைப் பொறுத்து, எங்கள் இருவரில் ஒருவர். தினமும் கிடைக்கும் இலவச உதவி சீக்கிரம் கசந்துபோகும்.

மீதி இரண்டு நாளுக்கு உதவிக்கு ஓர் அம்மா வருகிறார். ஜூலுக்காரர், பிள்ளைகள் கோகோ (ஜூலு மொழியில் பாட்டி) என்று கூப்பிடுவார்கள். மதியம் 1 முதல் 5 வரை. இதில் நம் ஆட்கள் பலர் கண்ணை மூடிக்கொள்ளும் விஷயம் ஒன்று இருக்கிறது: சம்பளம். வீட்டு வேலைக்கும் தேசியக் குறைந்தபட்சக் கூலிதான். 2025 மார்ச்சில் அது மணிக்கு 28.79 ரேண்டாக இருந்தது. ஒவ்வொரு மார்ச்சிலும் மாறும். ஒரு நாள் ஒரு மணி நேர வேலைக்குக் கூப்பிட்டாலும் 4 மணி நேரக் கூலி கொடுக்க வேண்டும். மாதத்துக்கு 24 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தால் யுஐஎஃப் என்ற வேலையின்மைக் காப்பீட்டு நிதியில் பதிவு செய்து, அவர் பங்கு 1 சதவீதம், நம் பங்கு 1 சதவீதம் கட்ட வேண்டும். வேலையில் அடிபட்டால் நஷ்டஈடு பெறும் உரிமை வீட்டுப் பணியாளர்களுக்கும் உண்டு என்று 2020 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றமே சொல்லிவிட்டது. நம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் ஆளுக்குக் குறைந்தபட்சத்துக்கு மேலேயே கொடுப்பது நல்லது என்பது என் கருத்து.

கோகோவுக்கும் வீட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். மினிபஸ் டாக்ஸி பிடித்துப் போக வேண்டும். 5 மணிக்கு நான் வராவிட்டால் அவர் இருட்டில் வரிசையில் நிற்க வேண்டும், குளிர்காலத்தில் இங்கே ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். ஆகவே அந்த இரண்டு நாளும் 4:15-க்கு அலுவலகத்தை விட்டு எழுந்துவிடுவேன். காலை ஏழரைக்கே போய் அந்த நேரத்தை ஈடுகட்டுகிறேன். இதை மேலாளரிடம் வாய்மொழியாகக் கேட்காமல் மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொண்டேன். மேலாளர் மாறியபோது அந்த மின்னஞ்சல்தான் பேசியது.

பள்ளிக்குக் கொண்டுபோய் விட, லிஃப்ட் கிளப். தெருவில் மூன்று குடும்பம், வாரம் மாற்றி ஒருவர் கார். காசு கொடுத்து வேனில் அனுப்புகிறவர்கள் ஓட்டுநரிடம் தொழில்முறை ஓட்டுநர் அனுமதி இருக்கிறதா என்று கேட்கத் தயங்காதீர்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் லைசென்ஸ் வில்லையின் தேதியைப் பாருங்கள், எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை சீட் பெல்ட் என்று எண்ணுங்கள். மூன்று வயதுக்குக் கீழே என்றால் கார் சீட் சட்டப்படியே கட்டாயம், 2015 முதல்.

விடுமுறைக் கணக்குக்கு வருவோம். இதை ஜனவரியிலேயே போடாவிட்டால் ஜூலையில் மாட்டிக்கொள்வோம். பள்ளிகளுக்கு ஆண்டுக்கு நாலு தவணை. மார்ச்–ஏப்ரலில் ஒரு வாரத்துக்குச் சற்று மேல், ஜூன்–ஜூலையில் மூன்று வாரம், அக்டோபரில் ஒரு வாரம், டிசம்பர்–ஜனவரியில் ஐந்து வாரம் போல. கூட்டினால் ஏறத்தாழ பத்து வாரம். சட்டப்படி நமக்குள்ள ஆண்டு விடுப்பு தொடர்ச்சியான 21 நாள், அதாவது வாரம் ஐந்து நாள் வேலை பார்ப்பவருக்கு 15 வேலை நாள். இருவரும் ஒரு நாள்கூடச் சேர்ந்து எடுக்காமல் மாற்றி மாற்றி எடுத்தாலே ஆறு வாரம்தான் தேறும். அதிலும் டிசம்பர் 16 பொது விடுமுறையை ஒட்டித் தொழிற்சாலைகள் கதவடைத்தால், அந்த நாட்கள் அவருடைய விடுப்பிலிருந்தே கழிகின்றன. டிசம்பரைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தாயிற்று, சரி. ஜனவரி முதல் பாதி அம்போ.

தீபாவளி வேறு இருக்கிறது. டர்பனில் இத்தனை தமிழரும் இந்தியரும் இருந்தும் தீபாவளி இங்கே பொது விடுமுறை இல்லை. அன்று எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் வகுப்புகள் பாதி காலியாகக் கிடக்கும், அலுவலகத்தில் நாம் விடுப்பு போட வேண்டும். எனவே என் 15 நாளில் ஒன்று தீபாவளிக்கு, ஒன்று தைப்பூசத்துக்கு என்று முதலிலேயே எடுத்து வைத்துவிடுவேன். மீதி எல்லாம் ஜனவரிக்கும் ஜூலையில் ஒரு வாரத்துக்கும். ஜூலையின் மற்ற இரண்டு வாரமும் ஆஃப்டர்கேர்காரர்கள் நடத்தும் ஹாலிடே கிளப். அதில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், மே மாதமே பெயர் கொடுங்கள்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆண்டு விடுப்பைத் தொட வேண்டாம். குடும்பப் பொறுப்பு விடுப்பு என்று சம்பளத்தோடு ஆண்டுக்கு 3 நாள் சட்டத்திலேயே இருக்கிறது. வேலையில் சேர்ந்து நாலு மாதம் தாண்டி, வாரம் குறைந்தது நாலு நாள் வேலை பார்ப்பவருக்கு உண்டு. அம்மாவுக்கு 3, அப்பாவுக்கும் 3. நம் ஆண்கள் பலர் இதை எடுப்பதே இல்லை. "பிள்ளைக்கு உடம்பு சரியில்லை" என்று சூப்பர்வைசரிடம் சொல்லக் கூச்சம். எடுக்காத நாள் அடுத்த ஆண்டுக்கு வராது என்று தெரிந்த பிறகு இவருக்குக் கூச்சம் போய்விட்டது. தங்கள் உடம்புக்கு உள்ள மருத்துவ விடுப்பைப் பிள்ளைக்காகப் பொய் சொல்லி எடுப்பவர்கள் உண்டு, அது மாட்டினால் வேலைக்கே உலை.

இப்போது குழந்தையை எதிர்பார்த்திருப்பவர்களுக்கு ஒரு வரி: வேலையில் உள்ள பெற்றோர் இருவரும் நாலு மாதம் பத்து நாள் விடுப்பைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளலாம் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2025 அக்டோபரில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அலுவலக மனிதவளப் பிரிவில் கேளுங்கள். எங்களுக்கு அது பிந்திவிட்டது.

ஊரிலிருந்து பெரியவர்களைக் கூப்பிடுவது பற்றி. விசிட்டர் விசாவில் 90 நாள் வரை தங்கலாம். எல்லோரும் பிரசவத்துக்குக் கூப்பிடுகிறார்கள். அது அவசியம்தான். ஆனால் அதற்குப் பிறகு ஒரு முறைதான் கூப்பிட முடியும் என்றால் ஜூன் கடைசியில் கூப்பிடுங்கள், மூன்று வார விடுமுறையும் அடுத்த தவணையின் பெரும்பகுதியும் அதில் அடங்கிவிடும். மாமனாருக்கு இங்கே தனியாகத் தெருவில் காலார நடந்துவிட்டு வர முடியாதது பெரிய குறை. மாலையில் டீக்கடை இல்லை, பேச ஆளில்லை. கோயிலுக்குக் கொண்டுபோய் விட்டால் இரண்டு மணி நேரம் சந்தோஷமாக இருப்பார். பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தது அத்தைதான் என்றாலும், அவர்களை வேலைக்காரியாக்கிவிட்டோமோ என்ற உறுத்தல் வராமலிருக்க, அவர்கள் இருந்த நாட்களிலும் கோகோவை நிறுத்தவில்லை. இரண்டு பாட்டிகளும் பொதுமொழி எதுவுமில்லாமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தது நன்றாகத்தான் இருந்தது.

பெரியவர்கள் ஊரில் இருந்தபடியும் உதவலாம். நமக்கும் இந்தியாவுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். இங்கே காலை 6:15 என்றால் அங்கே 9:45. அம்மா சமையலை ஒப்பேற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார். மிளகாய்த்தூள் டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துவிடுவேன். அந்தப் பக்கம் அம்மா மகளிடம் வாய்ப்பாடு கேட்க, இந்தப் பக்கம் நான் அவளுக்கு ரெட்டைச் சடை போட, கை ஓய்வில்லாமல் வேலை நடக்கும். மகனுக்கு ஆச்சியின் முகம் தெரியும்வரை இட்லி உள்ளே போகும். இணைப்பு அறுந்தால் வாயை மூடிக்கொள்வான். மாலையில் அழைப்பதை விட்டுவிட்டோம். இங்கே ஆறு மணி என்றால் அங்கே ஒன்பதரை, பெரியவர்களுக்குத் தூக்க நேரம்.

பிள்ளைகளோடு ஒருவர் மட்டும் ஊருக்குப் போவதென்றால் மற்றவரின் சம்மதத்தை அஃபிடவிட்டாக எழுதி, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோடு கையில் வைத்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்தில் காசில்லாமலே முத்திரை போட்டுத் தருவார்கள்.

போனே வேலை செய்யாத நாள் என்று ஒன்று உண்டு. 2022 ஏப்ரல் 11 இரவு டர்பனில் பெய்த மழையை இங்கிருப்பவர்கள் மறக்க மாட்டார்கள். அவர் 2 மணி ஷிஃப்டில் இருந்தார். பிராஸ்பெக்டன் பக்கம் வெள்ளம், N2-வில் கன்டெய்னர்கள் மிதந்து வந்து கிடந்தன. மின்சாரம் போய், நெட்வொர்க் போய், குழாயில் தண்ணீரும் போயிற்று. மகனுக்கு அப்போது ஒன்றரை வயது இருக்கும். ஆன்ட்டி மெழுகுவர்த்தியோடு எங்கள் பக்கம் வந்துவிட்டார். கணவர் வீடு வந்து சேர்ந்தது மறுநாள், பாதித் தூரம் நடந்து.

அதற்குப் பிறகு தாளின் அடியில் மூன்று விஷயம் நிரந்தரமாக ஏறிவிட்டது. தொடர்பு இல்லாவிட்டால் பிள்ளைகள் அந்த நேரத்தில் யாரிடம் இருக்கிறார்களோ அவரிடமே இருப்பார்கள். அவர் இடத்தை விட்டு நகரக் கூடாது, தேடி வருவது மற்றவரின் வேலை. இதைப் பள்ளியிலும் கோகோவிடமும் சொல்லி வைத்திருக்கிறோம். அடுத்து, முக்கியமான எண்கள் எல்லாம் பேனாவால் எழுதி, மகளின் பைக்குள் பிளாஸ்டிக் உறையில். மூன்றாவது, இரண்டு கேன் தண்ணீர் எப்போதும் நிரம்பி இருக்க வேண்டும். சாட்ஸ்வொர்த்தில் குழாய் வறள வெள்ளம்தான் வர வேண்டும் என்றில்லை. 2023-ல் வாரக்கணக்கில் ஸ்டேஜ் 6 என்ற கடுமையான கட்ட மின்வெட்டு இருந்தபோது குக்கர் நேரத்தையும் குளிக்கும் நேரத்தையும் செயலியைப் பார்த்து மாற்றிக்கொண்டே இருந்தோம். அந்தத் தலைவலி இப்போது பெருமளவு இல்லை, அதனால் அதை நீட்டவில்லை.

வரும் ஜனவரியில் மகன் கிரேடு ஆர். புதிய கல்விச் சட்டத்தில் அதுவும் கட்டாயமாகிவிட்டது. கிரெஷ் மாலை வரை வைத்திருந்தது, பள்ளி 1 மணிக்குள் அனுப்பிவிடும். ஆக நாலு மணி நேர ஓட்டை இப்போது பிள்ளைக்கு ஒன்றாக இரண்டு ஓட்டை ஆகிறது. நிரந்தரமாகப் பகல் ஷிஃப்டுக்கு மாற்றித் தர முடியும் என்று அவருடைய இடத்தில் சொல்கிறார்கள், ஷிஃப்ட் அலவன்ஸ் போய்விடும். ஆஃப்டர்கேரில் இரண்டாவது பிள்ளைக்குச் சலுகை உண்டா என்று கேட்டிருக்கிறேன். கோகோவிடம் மூன்று நாள் வர முடியுமா என்று கேட்டதற்கு, மகளைக் கலந்துகொண்டு சொல்வதாகச் சொன்னார். மூன்று பதிலும் வந்த பிறகு அலவன்ஸ் ஒரு பக்கம், ஆஃப்டர்கேர் கட்டணமும் கோகோ சம்பளமும் மறுபக்கம் எழுதிப் பார்க்க வேண்டும். பள்ளிக்குப் படிவம் கொடுக்க நவம்பர் கடைசிவரை நேரம் இருக்கிறது.